சயா திருத்திய டிசம்பர்

டிசம்பர் மாதம் முழுக்கத் தினம் ஒரு பதிவு எழுத வேண்டும் என்று எங்கள் சபை வாலிபர் சங்கம் போட்டி வைத்தது. நானும் சேர்ந்தேன். சேர்ந்திருக்கக் கூடாது.

முதல் நாள் கொழுந்தியாள் போனில் சபைப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். ஒரு கேக். அதற்குக் கீழே இன்னொரு கேக். அதற்கும் கீழே அதே கேக்கை வெட்டிய படம். எல்லாவற்றுக்கும் பக்கத்தில் நன்றி. காலையில் எழுந்ததற்கு நன்றி, கரண்ட் வந்ததற்கு நன்றி, கரண்ட் போனதும் குடும்பமாக உட்கார்ந்து பேசியதற்கு நன்றி. வாயில் பாகு காய்ச்சி ஊற்றின மாதிரி இருந்தது. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெறும் தண்ணீர் குடித்தேன்.

எனக்கு நகர நடுவில் இருக்கும் லத்தாவில் ஒரு கருவாட்டு மண்டியில் வேலை. கூடை பிரிப்பேன், ஈரம் பார்ப்பேன், தரம் பிரித்து வைப்பேன். நாப்பிப் பானைகளும் என் பொறுப்புதான். மீனையும் கூனி இறாலையும் உப்பு போட்டு இடித்துப் புளிக்க வைத்தால் நாப்பி. பர்மாவில் அது இல்லாமல் சோறு இறங்காது. அந்த வாடை உடம்பை விட்டுப் போகாது. வீடு இருக்கும் தின்கன்ஜூனுக்குத் திரும்பும் பஸ்ஸில் என் பக்கத்து இடம் எப்போதும் காலி. கால் நீட்டிக்கொள்ளலாம். வாடையில் எனக்கு அருவருப்பு வந்ததே இல்லை. அந்த டிசம்பரில்தான் வந்தது. அது மீனால் வந்ததில்லை.

பள்ளிக்கூடம் நாலாவதோடு நின்றது. அதுவும் பர்மியப் பள்ளிக்கூடம். தமிழ் எழுத்து ஓய்வுநாள் பள்ளியில் வந்தது. வேதப்புத்தகமும் பாட்டுப் புத்தகமும் படிப்பேன். வேறு புத்தகம் படித்ததில்லை.

மகனுக்காகத்தான் போட்டியில் சேர்ந்தேன்.

அவன் பினாங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறான். போனபோது பையனாகப் போனான். காகிதம் சரியில்லை. அங்கிருந்து வெளியே வந்தால் மறுபடி உள்ளே போக முடியாது. இங்கே வந்துவிட்டால் மறுபடி வெளியே போக முடியாது. அந்த வயசுப் பிள்ளைகளைப் பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போகிறார்கள், அதனால் இப்போது இங்கே யாரும் வீட்டில் வைத்துக்கொள்வதில்லை. எப்படியாவது அனுப்பிவிடுகிறார்கள்.

மழைக்காலத்தில் என் மனைவி இறந்தாள். அவன் வரவில்லை. வராதே என்று நான்தான் அவன் சித்தியிடம் சொல்லி அனுப்பினேன். அடக்கத்தன்று போனில் அழுதான். சரி, வேலையைப் பாரு என்றேன். அதற்குப் பிறகு அவன் கூப்பிடவில்லை. நான் ஒரு தடவை கூப்பிட்டேன். எடுக்கவில்லை. பிறகு நானும் விட்டுவிட்டேன்.

அதற்கு முன்னும் அவன் என்னோடு பேசியது கிடையாது. தினம் அம்மாவோடு பேசுவான். முடிக்கும்போது "அப்பா இருக்காரா" என்பான். "இருக்கார்" என்பாள். எங்களுக்குள் பேச்சு அவ்வளவுதான். அவள் போனதும் அதுவும் போயிற்று.

கொழுந்தியாள், அவன் சித்திதான், அடுத்த சந்தில் இருக்கிறாள், ரவிக்கை தைக்கிறாள். அவள்தான் போட்டியைப் பற்றிச் சொன்னாள்.

"அத்தான், அவன் நம்ம சபைப் பக்கத்தை விடாம பாக்கறான். பாட்டுக் குழு படம் போட்டா முதல் ஆர்ட்டு அவனோடதுதான்."

"ஆர்ட்டுன்னா?"

"சிவப்பா ஒண்ணு வரும்ல, அது."

"அப்ப உசிரோட இருக்கான்."

"என்ன பேச்சு இது? டிசம்பர் போட்டியில சேருங்க. தினமும் உங்க பேரு அங்க வந்தா அவன் கண்ணுல படும். ஏதாச்சும் ஒரு நாள் பேசுவான்."

"நான் என்னத்த எழுத?"

"கருவாட்ட எழுதுங்க. கத்திரிக்காய எழுதுங்க. அவன் பாக்கணும், அவ்வளவுதானே?"

சேர்ந்தேன்.

போட்டியில் ஒரு நாள் விட்டாலும் பெயர் எடுத்துவிடுவார்கள். தமிழில்தான் இருக்க வேண்டும். ஆனால் எங்கள் சபையில் பாதிப் பேருக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. இளசுகளுக்குப் பேசுவதே பாதி பர்மிய மொழி. அதனால் ஒரு வழி செய்திருந்தார்கள். சொல்ல வேண்டியதை வாயால் பேசி, போனில் பதிந்து, சங்கத்துச் செயலாளருக்கு அனுப்ப வேண்டும். அவர் அதைக் கேட்டு, நல்ல தமிழில் அடித்துப் பக்கத்தில் போடுவார். அவரை எல்லோரும் சயா என்பார்கள். வாத்தியாருக்குப் பர்மிய மொழியில் சயா. எந்தப் பள்ளியிலும் அவர் வாத்தியாராக இருந்ததில்லை. கொஞ்ச காலம் சென்னையில் தங்கிப் படித்துவிட்டு வந்தவர். அதற்காகக் கிடைத்த பட்டம்.

எனக்கு எழுத்துத் தெரியும். நானே அடித்துப் பார்த்தேன். உப்பில் ஊறி வெடித்த விரலைப் போன் கண்ணாடி மதிக்கவில்லை. ஒரு எழுத்தைத் தொட்டால் பக்கத்து எழுத்து வந்தது, இல்லாவிட்டால் எதுவுமே வரவில்லை. சரி என்று நானும் பேசி அனுப்பினேன்.

முதல் நாள் நான் பேசியது இது. "இன்னிக்கு வெயில் நல்லா இருந்துச்சு. நெத்திலி காஞ்சிருச்சு. வவ்வாலு மீனு இன்னும் ஒரு நாள் காயணும். பஸ்சு லேட்டு."

பக்கத்தில் வந்தது வேறு. பொன்னான காலைப்பொழுதில் கதிரவன் தன் ஒளிக்கரங்களை நீட்டினான். உழைப்பின் மேன்மையை எண்ணி என் உள்ளம் ஸ்தோத்திரத்தால் பொங்கியது. அதற்கு மேலும் பத்து வரி இருந்தது. தேடிப் பார்த்தேன். நெத்திலியைக் காணோம்.

கீழே ஏழெட்டுப் பேர் ஆமென் போட்டிருந்தார்கள்.

அச்சில் வருவதற்கு ஒரு சட்டை உண்டு, மாட்டித்தான் ஆக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். கல்யாணத்துக்குப் போனால் நானும் கோட்டு மாட்டுகிறேன் இல்லையா? மறுநாளும் பேசி அனுப்பினேன். மறுநாளும் கதிரவன் வந்தான்.

சாயங்காலம் கொழுந்தியாள் வீட்டுக்குப் போவேன். அரசு தடுத்து வைத்திருக்கிறது, பக்கத்தைத் திறக்க வி.பி.என் என்று ஒரு குறுக்கு வழி போட வேண்டும். வழியில் நிறுத்திப் போனைச் சோதிப்பார்கள், அதனால் அதை வீட்டோடு கிடக்கும் அவள் போனில்தான் நம்பிப் போடலாம். என் பதிவில் யார் யார் ஆர்ட்டு போட்டார்கள் என்று விரலால் இழுத்து இழுத்துப் பார்ப்பாள். எல்லோரும் இருப்பார்கள். அவன் இருக்க மாட்டான்.

"பாத்திருப்பான். போடலை, அவ்வளவுதான்" என்பாள்.

மற்றவர்கள் எழுதினதையும் பார்க்க வேண்டியதாயிற்று. ஒரு அம்மா தன் மருமகளைப் புகழ்ந்து தினம் எழுதினார். அந்த மருமகளைப் போன மாதம்தான் தெருவில் நிறுத்தி வைத்துத் திட்டினார். எங்கள் சந்துக்கே தெரியும். இன்னொருவர் சாக்கடை ஓரத்துக் குடிசைகளுக்குப் பழைய துணி கொண்டு போனார். வாங்கிக்கொள்கிறவர்களை வரிசையில் நிறுத்தி, துணியை இரண்டு பேரும் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி படம் எடுத்தார். தானம் கொடுத்தால் இங்கே எல்லோரும் அப்படித்தான் எடுப்பார்கள், பௌத்தர்களும் அப்படித்தான். ஆனால் அதில் ஒரு கிழவர் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். தாத்தா கேமராவைப் பாருங்க என்று மேலே சிரிக்கிற பொம்மை போட்டு எழுதியிருந்தார்கள். அதற்கும் ஆமென். கொழுந்தியாள் கொடுத்த டீயை அப்படியே வைத்துவிட்டேன்.

பிறகு எலி.

மண்டியில் ஒரு நாப்பிப் பானைக்குள் எலி விழுந்து செத்துக் கிடந்தது. வாயைத் துணியால் கட்டினவன் சரியாகக் கட்டவில்லை. முழுப் பானையையும் கொட்டச் சொன்னேன். மேலாக எடுத்து வீசிவிட்டு விற்கலாம் என்று ஒருவன் சொன்னான். கொட்டு என்றேன். கொட்டினோம். அன்றைக்கு நடந்தது அதுதான். அதையே பேசி அனுப்பினேன்.

பக்கத்தில் நான் ஒரு சிட்டுக்குருவியைக் காப்பாற்றியிருந்தேன். தானியக் கூடையில் சிக்கித் தவித்ததாம். இரு கைகளாலும் ஏந்தி வானில் பறக்கவிட்டேனாம்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வாசலில் சயாவைப் பிடித்தேன். பேண்ட்டும் வெள்ளைச் சட்டையுமாக நின்றார். சுற்றி நாலு பேர்.

"சயா, நான் எலின்னு சொன்னேன்."

"தெரியும் அண்ணே. கேட்டேன்."

"குருவின்னு வந்திருக்கு."

"டிசம்பர் மாசம் அண்ணே. ஜனங்க காப்பி குடிச்சுக்கிட்டே படிப்பாங்க. எலி எதுக்கு?"

"எலிதானே விழுந்துச்சு."

"கருத்து ஒண்ணுதானே? ஒரு சின்ன உசிரு."

"எலி செத்துப்போச்சு. குருவி பறந்துபோகுது."

சிரித்தார். என் தோளில் கை வைக்க வந்து, வாடை நினைவு வந்தது போலக் கையை மடக்கிக்கொண்டார். "அண்ணே, நீங்க பேச்சு குடுங்க. நான் தமிழ் குடுக்கறேன். இதுல சண்டை என்ன இருக்கு?"

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். அதில் ஒருவர், "குருவி அண்ணே, நல்லா இருக்கீங்களா?" என்றார். அந்த மாதம் முழுக்க அந்தப் பெயர் என் மேல் ஒட்டிக்கொண்டது.

அன்றைக்கே விட்டிருக்கலாம். மகன் கண்ணில் என் பெயர் பட வேண்டும் என்பதற்காக விடவில்லை. கீழே என்ன எழுதியிருந்தால் என்ன, மேலே பெயர் என்னுடையதுதானே என்று இருந்தேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு கேரல் பாடுகிறவர்கள் எங்கள் சந்துக்கு வந்தார்கள். முன்னே எல்லாம் இருட்டின பிறகு விளக்கு பிடித்து வருவார்கள். இப்போது ராத்திரி ஊரடங்கு, பகல் வெளிச்சத்திலேயே முடித்துக்கொள்கிறார்கள். வீடு வீடாகப் பாடுவார்கள், வீட்டுக்காரர்கள் ஏதாவது சாப்பிடக் கொடுக்க வேண்டும். மனைவி இருந்தபோது அதெல்லாம் அவள் பாடு. அந்த வருஷம் கொழுந்தியாள் ரவா கேக் செய்து கொண்டுவந்தாள். டீ நான் போடுகிறேன் என்றேன்.

கரண்ட் இல்லை. கரியடுப்பைப் பற்றவைத்தேன். கரி ஈரம். ஊதினால் புகைதான் வந்தது, தணல் வரவில்லை. முன்னறையில் பாட்டு நடந்தது. அட்டையால் விசிறி விசிறிக் கண் இரண்டும் எரிந்து கொட்டியது. ஒரு வழியாகத் தண்ணீர் கொதித்தது. தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே முன்னறைக்கு வந்தேன். பின்னால் சுவரில் மனைவி படம் இருந்தது. சயா போனை என் பக்கமாகப் பிடித்திருந்தார். பாடுகிறவர்களை எடுக்கிறார் என்று நினைத்தேன்.

டீ குடித்தார்கள். கேக் சாப்பிட்டார்கள். போனார்கள். அன்றைக்கு நான் எதுவும் பேசி அனுப்பவில்லை. மறந்துவிட்டேன். பெயர் போகட்டும் என்று படுத்துவிட்டேன்.

பெயர் போகவில்லை. மறுநாள் மண்டிக்குப் போனதும் முதலாளி அம்மா கூப்பிட்டார். சீனத்து அம்மா, பர்மிய மொழிதான் பேசுவார். என்னை அகோ, அதாவது அண்ணே, என்பார். போனை நீட்டினார். நான். துண்டால் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறேன். தோளுக்குப் பின்னால் என் மனைவி சிரிக்கிறாள்.

"அகோ, என்ன ஆச்சு? யாரோ எனக்கு அனுப்பினாங்க. உங்களுக்கு லீவு வேணுமா?"

"வேணாம்."

"கீழ என்ன எழுதியிருக்கு? எனக்கு இந்த எழுத்துத் தெரியாதே."

வாங்கிப் படித்தேன். மகனே என்று ஆரம்பித்தது. உன் தாய் இல்லாத இந்த முதல் கிறிஸ்துமஸில் பாட்டொலி கேட்டதும் என் கண்கள் குளமாயின. அவள் அமர்ந்த நாற்காலி உன்னைத் தேடுகிறது. தந்தையின் கண்ணீரைத் துடைக்க உன் கரங்கள் இல்லையே. வா மகனே, வீட்டுக்குத் திரும்பி வா. கீழே என் பெயர்.

எங்கள் வீட்டில் நாற்காலியே கிடையாது. இரண்டு பிளாஸ்டிக் முக்காலி இருக்கிறது. அவள் எப்போதும் தரையில்தான் உட்காருவாள்.

"என்ன எழுதியிருக்கு?" என்றார் மறுபடி.

"வீட்டுல புகைன்னு எழுதியிருக்கு."

போனைக் கொடுத்துவிட்டுக் கூடைகளிடம் போனேன். கை வேலை செய்தது. என் உள்சட்டையை யாரோ போட்டுக்கொண்டு தெருவில் நடக்கிற மாதிரி இருந்தது. சாயங்காலம் பார்த்தால் முந்நூறு நானூறு ஆர்ட்டு. ஊர் பேர் தெரியாதவர்கள் எல்லாம் அழுகிற பொம்மை போட்டிருந்தார்கள். ஒருவர், அண்ணனுக்குத் துணை வேண்டும், எங்கள் பக்கம் ஒரு நல்ல விதவை இருக்கிறார் என்று எழுதியிருந்தார்.

"எடுக்கச் சொல்லு" என்றேன் கொழுந்தியாளிடம்.

அவள் போனை என் பக்கம் திருப்பினாள். ஆர்ட்டு வரிசையில் அவன் பெயர் இருந்தது.

"இருக்கட்டும் அத்தான். இன்னும் ரெண்டு நாள் இருக்கட்டும்."

நானும் இருக்கட்டும் என்று விட்டேன். வா மகனே என்பதை அவன் நிஜமாக எடுத்துக்கொள்வான் என்று எனக்குத் தோன்றவில்லை. அவளுக்கும் தோன்றவில்லை.

அடுத்த நாள் மத்தியானம், மண்டியில் எல்லோரும் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருந்த நேரம், போன் அடித்தது. அவன்.

"அப்பா."

"ம்."

"சாப்டீங்களா?"

"ஆச்சு. நீ?"

"ம்." பின்னால் தட்டுகள் உருளுகிற சத்தம். "அப்பா, நான் வந்துடறேன்."

"எங்க?"

"வீட்டுக்கு. மொதலாளிகிட்ட சொல்லிட்டேன். ஏஜெண்டு ஒருத்தர் இருக்காரு. தாய்லாந்து வழியா கூட்டிட்டு வந்து விட்டுடுவாரு. பொங்கலுக்குள்ள வந்துடுவேன்."

கையிலிருந்த கூடையைக் கீழே வைத்தேன்.

"எதுக்கு?"

"நீங்கதானே வரச் சொன்னீங்க?"

"நான் சொல்லல."

"பக்கத்துல போட்டிருந்தீங்களே. எனக்குத் தமிழு படிக்க வராதுல்ல, இங்க கடையில ராம்நாட்டு அண்ணன் ஒருத்தர் சத்தமா படிச்சுக் காட்டினாரு. கிச்சன்ல எல்லாரும் அழுதுட்டாங்க அப்பா."

என் பெயரைச் சொல்லிப் பினாங்கில் ஒரு சமையலறையே அழுதிருக்கிறது. காறித் துப்ப வேண்டும் போல இருந்தது. மண்டிக்குள் துப்பக் கூடாது.

"அது சயா எழுதினது."

"படத்துல அழறீங்களே."

"புகை. கரி ஈரம்."

தட்டுச் சத்தம் மட்டும் வந்தது. பிறகு பேசினபோது குரல் மாறியிருந்தது.

"அம்மாவுக்கும் வராதேன்னீங்க. இப்பவும் வராதேங்கறீங்க. என்னைப் பாக்கவே வேணாமா உங்களுக்கு?"

எனக்குப் பேச்சு வராது. எப்போதும் வந்ததில்லை. ஆமாம், அழுதேன் என்று சொல்லிவிடலாம். அதுதான் சுலபம். சொன்னால் அவன் மனசு ஆறும், தினம் பேசுவான். ஆனால் வந்துவிடுவான். தாய்லாந்து எல்லை தாண்டி வந்து இந்தச் சந்தில் நிற்பான். யாராவது வந்து கூட்டிக்கொண்டு போவார்கள். அல்லது நான் அவனை மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்து வைப்பேன்.

"கேளு" என்றேன். "உங்கம்மா போயிட்டா. நீ வந்தா அவ வரப்போறதில்ல. நீ வந்தா நீயும் போயிடுவ. எனக்கு ரெண்டு பேரும் போறது வேணாம். அதான் அப்போ வராதேன்னேன். அதான் இப்பவும்."

"கோவம் இல்லயா?"

"எதுக்குக் கோவம்?"

"மண்ணு போட வரலயே நான்."

"நான் போட்டேன். உன் பங்கையும் சேத்துப் போட்டேன்."

உண்மைதான். குழியில் ஒவ்வொருவரும் மூன்று பிடி மண் போடுவது எங்கள் வழக்கம். என் மூன்று பிடி போட்டுவிட்டு, நகராமல் நின்று அவனுக்காக இன்னும் மூன்று பிடி போட்டேன். மழை பெய்து மண் கையில் ஒட்டியது. பின்னால் நின்றவர்கள் எனக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். நான் யாரிடமும் சொல்லவில்லை.

"ஏம்ப்பா இதெல்லாம் சொல்லல?"

"நீ கேக்கல."

"நீங்க எடுத்துச் சொல்லலாம்ல?"

"இப்ப சொல்லிட்டேன்ல. ஏஜெண்டுகிட்ட வேணாம்னு சொல்லு."

"சரிப்பா."

"இன்னிக்கே சொல்லு."

"சரின்னேன்ல."

போனை வைத்தான். அன்று சாயங்காலமே அவன் ஏஜெண்டிடம் சொல்லிவிட்டதாகச் சித்திக்கு அனுப்பியிருந்தான்.

நான் பஸ் ஏறி நேரே சயா வீட்டுக்குப் போனேன். சோபா, உயரமான கிறிஸ்துமஸ் மரம், இன்வெர்ட்டர் விளக்கு. உட்காரச் சொன்னார். நின்றேன்.

"பையன் பேசினானாமே அண்ணே. கேள்விப்பட்டேன். பாத்தீங்களா? எழுத்தோட வலிமை."

"அத எடுத்துடுங்க."

"எதுக்கு அண்ணே? அதுதான் இப்ப முதல் பரிசுக்கு நிக்குது. காலண்டர்லயும் அந்தப் படத்தைப் போடலாம்னு கமிட்டியில பேசிக்கறாங்க."

"வா மகனேன்னு எழுதியிருக்கீங்க. அவன் கிளம்பப் பாத்தான்."

"நல்லதுதானே? பெத்த தகப்பனைப் பாக்க வர்றது தப்பா? எங்க இருந்தாலும் சொந்த மண்ணு சொந்த மண்ணுதான்."

சுவரில் அவருடைய இரண்டு பையன்களின் படம் இருந்தது. இரண்டு பேரும் சிங்கப்பூரில் இருக்கிறார்கள். என் மகன் வயதும் அதற்கு மேலும். கல்யாணத்துக்குக்கூட அவர் அவர்களை இங்கே வரவிடவில்லை. குடும்பத்தோடு அங்கே போய் நடத்திவிட்டு வந்தார்.

"உங்க பையன்களுக்கும் ஒண்ணு எழுதுங்க சயா. வா மகனேன்னு. நான் ஆமென் போடறேன்."

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது, பிறகு போயிற்று. உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அவர் மனைவி தண்ணீரை நிறுத்திவிட்டார்.

"அது வேற விஷயம் அண்ணே."

"ஆமா. வேற."

நான் திரும்பி நடந்தேன். வீட்டுக்கு வருவதற்குள் பதிவை எடுத்துவிட்டார். அதோடு என் பெயரையும் போட்டியிலிருந்து எடுத்துவிட்டார். குருவியும் போயிற்று, கதிரவனும் போனான். சபையில் சிலர், பையன் பேசினதும் அண்ணனுக்குச் சயா வேண்டாம் என்றாகிவிட்டது என்றார்கள்.

அந்தப் பொய் இல்லாவிட்டால் அவன் கூப்பிட்டிருக்க மாட்டான். இது எனக்குத் தெரியும். சயாவுக்கும் தெரியும். எதிரே பார்க்கும்போதெல்லாம் அது அவர் முகத்தில் இருக்கிறது. எலிக்குக்கூட எனக்கு அருவருப்பு வரவில்லை, அதைப் பார்த்தால் வருகிறது. கையை நீட்டுகிறார், குலுக்குகிறேன். வீட்டுக்கு வந்து சோப்பு போட்டுக் கழுவுகிறேன்.

பண்டிகை அன்று மண்டி அடைப்பு. ஆராதனை முடிந்து வந்து, தனியாகச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது.

"கிறிஸ்துமஸ் வாழ்த்து அப்பா."

"ம். உனக்கும்."

"கறி ஆக்கினீங்களா?"

"சித்தி குடுத்து விட்டா."

முன்னே என்றால் அந்த இடத்தில் அவன் அம்மா பேசுவாள்.

"அப்பா, கேட்டாதான் சொல்லுவீங்க. அதனால கேக்கறேன். அம்மா அன்னிக்குக் காலையில எப்படி இருந்தாங்க?"

"படுத்திருந்தா. விடியல. கரண்ட் வந்துச்சு. 'மோட்டரைப் போடுங்க, தண்ணி ஏத்துங்க, மறுபடி போயிடப் போகுது'ன்னா. கீழ போய்ப் போட்டேன். தொட்டி பக்கத்துலயே நின்னேன். மேல வந்து பாத்தா போயிட்டா."

அவன் மெதுவாகக் கேட்டான்.

"தொட்டி நெறஞ்சுச்சா?"

"நெறஞ்சுச்சு."

சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியவில்லை. இரண்டும் ஒரே மாதிரிதான் கேட்டது. "அம்மாதான்" என்றான். "அம்மாவேதான்."

"ஆமா."

"அப்பா, அப்ப நீங்க அழவே இல்லயா?"

"அந்தப் படத்துல இல்ல."

எப்போது என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். பின்னால் யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். கூட்டம் வந்துவிட்டது, போகணும் என்றான்.

"நாளைக்கு மத்தியானம் கூப்பிடறேன். எடுப்பீங்களா?"

"எடுக்கறேன்."

வைத்துவிட்டான். போனில் சார்ஜ் குறைவாக இருந்தது. கரண்ட் இருக்கும்போதே போட்டு வைத்தேன்.